செத்த மவுஸ்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
டேங்கர் ரயிலின் கடைசிப் பெட்டி போய்த்தான் எழும்.
கேட்டுக்கு இந்தப் பக்கம்
எத்திராஜ் அண்ணன் கடையில்
மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் என்னுடையது.
அதன் மவுஸ்
டிசம்பர் தண்ணியில் முழுகி எழுந்தது.
வயிற்றில் சிவப்பு விளக்கு எரியும்,
திரையில் அம்பு நகராது.

புதுசு வாங்கித் தரேன் என்றார் அண்ணன்.
பொங்கல் போனது. மாசியும் போனது.
அதற்குள் விரல்கள் வேறு பாதை போட்டுக்கொண்டன.

கன்ட்ரோல் எல் தட்டினால் நேரே முகவரிக் கட்டத்தில் போய் விழலாம்.
பிறகு டேப், டேப், டேப்,
பாண்டி ஆடுவதுபோல்
கோட்டை மிதிக்காமல் கட்டம் விட்டுக் கட்டம்.
ஒன்று தாண்டிப் போய்விட்டால்
ஷிஃப்டோடு சேர்த்து ஒரு பின்கால்.
ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் பட
பக்கம் ஒரு முழம் இறங்கும்.
யாரும் படிக்காத விதிமுறைக் கூட்டத்தில்
கன்ட்ரோல் எஃப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
வேண்டிய சொல் மட்டும்
மஞ்சள் பூசி எழுந்து நிற்கும்.

காசிமேட்டிலிருந்து தேசப்பன் வந்தார்,
முழங்கையில் இன்னும் மீன் செதிள் மினுங்க.
குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ்.
ஃபேனுக்கு நேரே ஸ்டூலை இழுத்து
சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்,
இரண்டாவதில் கை வைக்கும்போது
பிரிண்டர் தாளைத் துப்பிவிட்டது.

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"இன்னாம்மா, நாலு பட்டன் தட்னதுக்கு
முப்பது ரூவாயா?"
பதினைந்தை வைத்துவிட்டுப் போனார்.

ஒன்றாம் நம்பரில் பிரிசில்லா அக்கா
நல்ல மவுஸோடு
குறி தவறி, திரும்பி வந்து, மறுபடி தவறி,
நெற்றியைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொள்வாள்.
அரை மணி நேரம்.
அவளுக்கு ஐம்பது ரூபாயும் ஒரு டீயும்.

ஷட்டர் இறக்கும்போது அண்ணன் சொன்னார்:
"வேலை முடிஞ்சா போதாது பாப்பா,
வேர்வை தெரியணும்."

மறுநாளிலிருந்து
செத்த மவுஸின் மேல் வலது கை.
உருட்டுவேன். உச்சுக் கொட்டுவேன்.
சர்வர் சுத்துது என்பேன்.
இடது கை மேசை ஓரத்தில்
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல்
எல்லாவற்றையும் முடித்துவிட்டிருக்கும்.

மிச்சம் பிடித்த நிமிஷங்களோடு
கன்ட்ரோல் டேப்பில் அடுத்த பக்கம் போவேன்.
அங்கே ஒரு கடல் வரைபடம்.
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள்
பச்சையும் சிவப்புமாய், அரிசிமணி அளவில்.
பெயர்களைப் படிப்பேன்.
ஒன்பது நாளாய் ஒன்று அசையவில்லை.
சும்மா நிற்கிற கப்பலுக்கும்
நாள் வாடகை உண்டாம்.

போதும் என்று தோன்றும்போது
திரும்பி வந்து கன்ட்ரோல் பி, என்டர்.
"பாவம், கஷ்டப்பட்டுட்டம்மா" என்று
நாற்பதாய் வைத்துப் போவார்கள்.

போன வாரம் அண்ணன் புது மவுஸ் கொண்டுவந்தார்.
அம்பு தாராளமாய் ஓடியது.
அவர் டீக்குப் போனதும்
ஒயரைப் பாதி உருவி வைத்தேன்.

நேற்று மறுபடி தேசப்பன்.
குழந்தைக்கு ஆதார்.
இம்முறை ஸ்டூலில் உட்காராமல்
என் இடப்பக்கமாய் நின்றார்.
நான் உருட்டினேன். உச்சுக் கொட்டினேன்.
சர்வர் சுத்துதுண்ணே.

அவர் கண் திரையில் இல்லை.
மீனைத் தராசில் போடுகிறவர்,
கை எங்கே போகிறதென்று பார்க்கிறவர்.
குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:
"தட்டுக்கு அடில கட்டை வெரலு வெச்சி
நானும் இருவது வருசமா நிறுத்துக்கினுகீறேன்மா."

இரண்டு கையும் நின்றுபோனது எனக்கு.

வெளியே மணி அடித்து கேட் இறங்கியது.
முதல் டேங்கர் தடதடத்து வர
கடையின் கண்ணாடி நடுங்கியது.
ஸ்டூலை இழுத்து ஃபேனுக்கு நேரே போட்டுக்கொண்டு
முப்பது ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார்.

"நீ உருட்டு. ரயிலு போவட்டும்."